ஓரவஞ்சனையும் சந்தோஷமும்: ஊவாத் தோட்டப் பிள்ளைகளின் கணக்கு

பிள்ளையின் நலம் என்பது நெடுங்காலமாகத் தராசில் தெரிந்த நலமாகவே இருந்து வந்தது. ஊவா மாகாணத் தோட்டங்களில் தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளையை விட்டுச் செல்லும் இடம் பிள்ளை மடுவம். பிள்ளைக் காம்பரா என்றும் சொல்வார்கள். பிள்ளையை நிறுத்து, நிறையைச் சுகாதார அட்டையின் வளைகோட்டில் புள்ளியாக இடுவது வழக்கம். கோடு ஏறினால் பிள்ளை நலம், படுத்தால் திரிபோஷாச் சத்துமா. அந்தக் கோட்டை அலட்சியம் செய்வதற்கில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 32 வீதத்தை எட்டியது. 2019ஆம் ஆண்டின் வருமான, செலவு அளவீட்டில் வறுமைக் கோட்டின் கீழ் வாழ்ந்தோர் நாடளவில் 14.3 வீதம், தோட்டப்புறத்தில் 33.8 வீதம். இவை எல்லாம் தேவையான கணக்குகள்தாம். ஆனால் பெரியவர்கள் பிள்ளைகளைப் பற்றி எடுத்த கணக்குகள். பிள்ளையைக் கேட்டு எழுதிய ஒரு வரியும் இவற்றில் இல்லை.

பிள்ளையைக் கேட்பது ஏன் தேவை என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் 1989 நவம்பர் 20இல் கிடைத்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அன்று ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் எல்லா விடயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றும், அந்தக் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு தரப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இலங்கை 1991இல் இதை ஏற்று, 1992இல் தனது சிறுவர் பட்டயத்தை வெளியிட்டது. சமூகவியலாளரின் பதில் வேறொரு திசையிலிருந்து வந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் குவோர்ட்ரப் போன்றோர், பிள்ளை நாளைக்கு யாராக ஆகும் என்பதையே பார்த்துக்கொண்டிருக்கும் சமூகம் இன்று அது யாராக இருக்கிறது என்பதைத் தவறவிடுகிறது என்றார்கள். ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தின மேடைகளில் ‘நாளைய தலைவர்கள்’ என்ற சொல் எத்தனை முறை ஒலிக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டின் நியாயம் விளங்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு இன்றைக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

அந்த இன்றைய வாழ்க்கையைப் பிள்ளைகளையே கேட்டு அறிய எடுத்த முயற்சிகளில் மிகப் பெரியது ‘சிறுவர் உலகங்கள்’ எனப்படும் பன்னாட்டு ஆய்வு. ஆஷர் பென்-ஆரியே, ஜொனதன் பிராட்ஷோ, பெரான் காசஸ் முதலிய ஆய்வாளர்கள் சேர்ந்து தொடங்கியது. 8, 10, 12 வயதுப் பிள்ளைகளிடம் வீடு, நண்பர், பாடசாலை, அயல், கையிலுள்ள பொருள், பொழுது கழியும் விதம் எனப் பலவற்றையும் கேட்டு, மொத்த வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்பதற்கு மூத்த இரு வயதினரைப் பூச்சியத்திலிருந்து பத்துவரை ஓர் எண்ணைக் குறிக்கச் சொல்வது அதன் முறை. 2013, 2014இல் 15 நாடுகளில் 50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் பதில் எழுதினர். அடுத்த சுற்று 2016 தொடங்கி 2019வரை 35 நாடுகளில் நடந்தது. எழுதிய பிள்ளைகள் 128,000க்கு மேல். இலங்கையும் அந்த 35இல் ஒன்று.

கிடைத்த பதில்கள் பொருளாதார அறிஞர்களுக்கு அவ்வளவு வசதியாக இல்லை. முதலிற் சொன்ன சுற்றில் மிகக் கூடிய திருப்தியைச் சொன்னவர்கள் ருமேனியப் பிள்ளைகள். அடிமட்டத்தில் இருந்தவர்கள், பரீட்சைப் பெறுபேறுகளில் உலகுக்கே முன்மாதிரி எனப்படும் தென்கொரியப் பிள்ளைகள். பாடசாலை வாழ்வில் ஆபிரிக்கப் பிள்ளைகள் காட்டிய விருப்பம் பணக்கார ஐரோப்பியப் பிள்ளைகளிடம் இல்லை. பத்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குப் போகையில் திருப்தி குறைவது பெரும்பாலான நாடுகளில் தெரிந்தது. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பிள்ளைகளுக்கிடையே வேறுபாட்டை உண்டாக்கியது வீட்டின் பணவசதி மட்டுமல்ல. தன் பேச்சை வீட்டில் கேட்கிறார்களா, ஆசிரியர் தன்னை மதிக்கிறாரா, வீட்டிலும் வழியிலும் பயமில்லாமல் இருக்க முடிகிறதா என்பன கூடுதலாகவோ சமமாகவோ தொழிற்பட்டன.

இத்தகைய வினாக்கொத்தைப் பசறையிலோ மடுல்சீமையிலோ ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கொண்டுபோனால் முதல் சிக்கல் சொல்லில் தொடங்கும். ‘வாழ்க்கைத் திருப்தி’ என்று எந்தப் பத்து வயதுப் பிள்ளையும் பேசுவதில்லை. ‘நல்வாழ்வு’ சுவரொட்டியில் இருக்கும் சொல். ‘நலன்’ என்றால் நலன்புரிச் சங்கமும் அதன் உதவிப் பணமும் நினைவுக்கு வரும். பிள்ளையிடம் உள்ள சொல் சந்தோஷம். அதுவோ தீபாவளிக்கும் தேருக்கும் உரிய சொல். ஒரு நாளின் சொல், ஒரு வாழ்க்கையின் சொல்லன்று. ‘சுகமா இருக்கியா’ என்று கேட்டால் காய்ச்சல் இல்லை என்ற பதிலே கிடைக்கும். நியாயத்தின் பக்கத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே பிள்ளையிடம் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன: ஓரவஞ்சனை, கள்ளாட்டம், பாகுபாடு, ‘அவனுக்கு மட்டும் ஏன்’, ‘நான் கேட்டப்ப இல்லேன்னீங்களே’. எதைப் பற்றிப் பேச ஒருவரிடம் சொல் மிகுதியாக இருக்கிறதோ அதைப் பற்றியே அவர் கூடுதலாக யோசித்திருப்பார் என்று கொண்டால், பிள்ளைகளின் நலத்தைப் பற்றிய விசாரணையை நியாயத்தில் தொடங்குவதே நேர்வழி.

இரண்டாவது சிக்கல் இடம். வகுப்பறையில், ஆசிரியர் நடமாடிக்கொண்டிருக்க, அச்சிட்ட தாளில் கேட்கப்படும் எதுவும் பிள்ளைக்குப் பரீட்சைதான். பரீட்சையில் குறைந்த எண்ணை யாரும் விரும்பி எழுதுவதில்லை. பத்துக்குப் பத்து என்பது திருப்தியின் அளவாகவும் இருக்கலாம், நல்ல பிள்ளையின் விடையாகவும் இருக்கலாம். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டோபியா பாட்டோரேயும் உடன் ஆய்வாளர்களும் இதனாலேயே எண்ணை விட்டுப் பேச்சைக் கையில் எடுத்தார்கள். வரையச் செய்தும், பலமுறை சந்தித்தும், நலம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளே விளக்க விட்டார்கள். அந்தப் பேச்சுகளிலிருந்து மூன்று இழைகள் திரண்டன: பயமின்றி இருத்தல், தன் காரியத்தில் தனக்கும் ஒரு பிடி இருத்தல், தன்னைப் பற்றித் தனக்கு நல்ல எண்ணம் இருத்தல். இந்த முயற்சி பின்னர் பல நாடுகளுக்கும் விரிந்தது. நியூ சவுத் வேல்ஸ் பிள்ளைகளிடம் கிடைத்த அந்த மூன்றையும் ஊவா மலைச்சரிவில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு உருவம் எடுக்கிறது.

பயமின்மையை எடுத்துக்கொண்டால், தோட்டப் பிள்ளைக்கு அது முதலில் மண்ணோடு சம்பந்தப்பட்டது. ஊவாவின் பதுளை மாவட்டத்தில் லயங்கள் எனப்படும் வரிசைக் குடியிருப்புகள் பல, வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தில் தேயிலைக்கு உதவாத சரிவுகளில் கட்டப்பட்டவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவும் முன்னால் ஓர் இஸ்தோப்பும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பிள்ளைகளில் பலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். உயிர் தப்பியது அதனால். பெற்றோரையும் வீட்டையும் இழந்ததும் அதே காலையில். அந்த இடம் சரியக்கூடியது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. மாற்று வீடு வந்து சேர இரண்டு ஆண்டு சென்றது. இடையில் குடும்பங்கள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கின. மீரியபெத்தைக்குப் பிறகு, ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்தால் அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்துப் பிள்ளைகள் பாய், போர்வையோடு பாடசாலைக் கட்டடத்திற்கோ கோயிலுக்கோ போய்ப் படுப்பது வழமையாகிவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டம் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. மழைச் சத்தம் கேட்டால் சந்தோஷப்படும் பிள்ளைகள் உள்ள ஊர்களில் எழுதப்பட்ட வினாக்கொத்தில் ‘மழை’ என்ற கேள்வி இருக்காது. இங்கே அது முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அடுத்த பயம் பொழுது சாயும்போது வருவது. சம்பள நாள் பல வீடுகளில் இரண்டு முகம் கொண்ட நாள். கடையிலிருந்து ஏதாவது வரும் என்ற எதிர்பார்ப்பும், அப்பா எந்த நிலையில் வருவார் என்ற கவலையும் ஒரே இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும். லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையிலுள்ள சுவர் சண்டையை மறைப்பதில்லை. அதனால் ஒரு வீட்டின் அவமானம் பத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே மெல்லிய சுவரால்தான் அடுத்த வீட்டு ஆச்சி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. லயத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முதற்பாதியை மட்டுமே சொல்கின்றன.

தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கணக்கு தனியானது. பாட்டியிடமோ சித்தியிடமோ வளரும் பிள்ளைக்குச் சப்பாத்தும் புத்தகப் பையும் குறையில்லாமல் இருக்கக்கூடும். வசதிப் பட்டியலில் அது மேலே வரும். தொலைபேசியில் முகம் பார்க்கும் நேரத்தை எந்த நிரலில் சேர்ப்பது என்பதை அளவீடுகள் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மார் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாதென்று 2013இல் அரசாங்கம் விதித்த கட்டுப்பாடு பிள்ளையின் நலத்துக்காக என்றே சொல்லப்பட்டது. எந்தப் பிள்ளையையும் கேட்டு எடுத்த முடிவன்று அது. தந்தைமாருக்கு அத்தகைய தடை ஏதும் விதிக்கப்படவும் இல்லை.

பிள்ளையிடம் சொற்கள் நிறைந்துள்ள நியாயத்தின் பக்கம் திரும்பினால், அந்த உணர்வு எப்படி வளர்கிறது என்பதை முதலில் ஒழுங்காகக் கேட்டவர் சுவிற்சர்லாந்தின் ஜான் பியாஜே. 1932இல் வெளிவந்த அவருடைய நூல், ஜெனீவாப் பிள்ளைகள் கோலி விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, விதியை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டுக் கேட்டு எழுதியது. சின்னப் பிள்ளைக்குப் பெரியவர் சொன்னதே நியாயம். எட்டு வயதளவில் எல்லோருக்கும் ஒரே அளவு என்பது நியாயம். பதினொன்று, பன்னிரண்டில் ஆளின் நிலைமையைப் பார்த்துக் கொடுப்பதே நியாயம் என்று அவர் கண்டார். பின்வந்த வில்லியம் டேமன் 1977இல், உழைப்புக்கேற்ற பங்கு, தேவைக்கேற்ற பங்கு என்ற இரண்டும் எப்படிப் பிள்ளைகளின் மனத்தில் படிப்படியாக இடம்பிடிக்கின்றன என்று விரித்துக் காட்டினார்.

சோதனைகளில் ஒன்று மறக்க முடியாதது. அலெக்ஸ் ஷோவும் கிறிஸ்டினா ஒல்சனும் 2012இல் வெளியிட்டது. அறையைச் சுத்தம் செய்த இரு பையன்களுக்குப் பரிசாக ஐந்து அழிறப்பர். ஆளுக்கு இரண்டு கொடுத்தாயிற்று. மிஞ்சிய ஒன்றை என்ன செய்வது? ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் குப்பைத் தொட்டியைக் காட்டினார்கள். பொருள் வீணானாலும் பரவாயில்லை, ஓரவஞ்சனை கூடாது. ஆனால் அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள்: பூவா தலையா போல இரு பக்கத்துக்கும் ஒரே வாய்ப்புத் தரும் முறையில் முடிவானால், ஒருவனுக்குக் கூட வந்ததைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்கள். பங்கின் அளவைவிடப் பங்கு போட்ட விதம் அவர்களுக்கு முக்கியம்.

2015இல் பீற்றர் பிளேக், கத்தரின் மக்கோலிப் ஆகியோரும் மற்றவர்களும் இந்தியா, கனடா, ஐக்கிய அமெரிக்கா, மெக்சிக்கோ, பெரு, செனகல், உகண்டா ஆகிய ஏழு நாடுகளில் இரண்டிரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைத்து இனிப்பைப் பங்கிட்டுப் பார்த்தார்கள். தனக்குக் குறைவாகவும் எதிரிலுள்ளவருக்குக் கூடுதலாகவும் வந்தால் ‘வேண்டாம்’ என்று இருவருக்குமே இல்லாமலாக்கும் போக்கு ஏழு நாட்டிலும் வளர்ந்தது. தனக்குக் கூடுதலாக வந்தபோதும் அப்படியே மறுக்கும் போக்கு கனடா, அமெரிக்கா, உகண்டா மூன்றில் மட்டுமே மூத்த பிள்ளைகளிடம் தென்பட்டது. குறைந்தால் கொதிப்பது மனிதப் பொதுவானது. கூடினால் கூசுவது வளரும் சூழல் கற்றுக்கொடுப்பது என்று இதைப் படிக்கலாம்.

அப்படியானால் தேயிலைத் தோட்டம் என்ன கற்றுக்கொடுக்கிறது? நியாயத்தைத் தராசில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது என்பதே நேரான பதில். பியாஜேயின் பிள்ளைகள் கோலியில் கற்றதை இங்குள்ள பிள்ளை கொழுந்து மடுவத்தில் கற்கிறது. பாடசாலை விட்டு வரும் வழியில் தாய் கொழுந்து நிறுப்பதை அது பார்க்கிறது. பல தோட்டங்களில் 18 கிலோ அளவில் எடுத்தால்தான் ஒரு ‘பேர்’. குறைந்தால் அரைப்பேர். அன்றைய ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சில கிலோ கழிக்கப்படும். அந்தக் கழிவு சரியா, தராசு சரியா, கணக்கப்பிள்ளை யாருக்குப் பார்த்து எழுதினார் என்பன அன்றிரவு அடுப்படியில் நடக்கும் பேச்சு. ‘பேர்’ என்ற சொல்லே கவனிக்கத்தக்கது. ஒரு நாள் உழைப்புக்கு ஒருவருக்குக் கிடைப்பது ஒரு பேர். உழைப்பு குறைந்தால் பேரும் பாதியாகிறது. ஏழு வயதில் இந்தக் கணக்கு விளங்கும் பிள்ளை, உழைப்புக்கேற்ற பங்கு என்ற டேமனின் படியை மிக முந்தியே மிதித்துவிடுகிறது. 2021இல் சம்பள நிர்ணய சபை நாட்சம்பளத்தை 1000 ரூபாயாக்கியபோதும், 2024இல் அது 1350 ஆனபோதும் லயத்துப் பிள்ளைகள் அந்த எண்களைச் சிவாஜி, ரஜினி வசனம்போல ஒப்புவித்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. எண் ஏறியபோது எடுக்க வேண்டிய கிலோவும் ஏறுமோ என்ற பேச்சையும் சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

இந்தத் தராசில் பிள்ளைகளுக்கும் ஒரு காலத்தில் தனித் தட்டு இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதிற் குறைந்தது, பிள்ளைக்கு இன்னும் குறைந்தது என மூன்று வீதங்கள் வகுக்கப்பட்டன. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமச் சம்பளம் 1984இல்தான் வந்தது. பிள்ளை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்திலிருந்து மெல்ல மெல்லப் பாடசாலைக்கு நகர்ந்தது. ஐந்து முதல் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி 1998இல் நடைமுறைக்கு வந்து, 2016இல் பதினாறு வயதுவரை நீண்டது. வேலைக்கு அமர்த்தும் வயதெல்லை 2021இல் பதினாறாக உயர்ந்தது. ஆயினும் படிப்பை இடையில் விட்டுக் கொழும்புக் கடைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பாதை முற்றாக மூடப்படவில்லை. அதில் போகும் பிள்ளை அதைத் தனக்கு இழைக்கப்பட்ட அநியாயமாக மட்டும் காண்பதில்லை. தம்பி, தங்கைக்குத் தான் போடும் பங்காகவும் காண்கிறது. சட்டத்தின் பார்வையும் பிள்ளையின் பார்வையும் ஒன்றையொன்று பொய்யாக்காமலே இங்கே பிரிகின்றன.

வீட்டுக்குள் உள்ள நியாயம் வேறு. ரொட்டியும் சம்பலும் பங்கிடும்போது எட்டு வயதுப் பிள்ளை அளவு பார்க்கிறது. ஆனால் கைப்பிள்ளைக்குப் பால்மா, தனக்குப் பிளேன்டீ என்பதை அது ஓரவஞ்சனையாக எடுப்பதில்லை. தேவைக்கேற்ற பங்கு என்பதை வறுமை சீக்கிரமே கற்பித்துவிடுகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்ட நாட்களில் அந்தப் பால்மாவும் பல காம்பராக்களிலிருந்து மறைந்தது. எல்லோருக்கும் பிளேன்டீ என்ற சமத்துவம் வந்தது. வீட்டில் ஆறாத புண்ணாக இருப்பது உணவைவிட வேலைப் பங்கீடு. பீலியில் தண்ணீர் பிடிப்பது, தங்கையைப் பார்ப்பது, விறகு பொறுக்குவது பெண்பிள்ளைக்கு. அதே நேரம் அண்ணன் பந்தடிக்கப் போகிறான். இந்த ஓரவஞ்சனையை முறையிட இடமில்லை. முறையிட்டால் ‘நீ பொம்பளப் பிள்ள’ என்ற பதிலில் வழக்கு முடிந்துவிடும்.

பாடசாலையில் நியாயம் எண்களாகவும் பிரம்பாகவும் வருகிறது. தோட்டங்களில் படிப்பு தொடங்கியதே சமமற்ற அடித்தளத்தில்தான். 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் பொறுப்பைத் துரைமாரிடம் விட்டது. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைக் கையேற்றது 1970களின் பிற்பகுதியில்தான். கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிடைத்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னர். இன்றும் ஊவாவின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை சில மட்டுமே. கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வரும்வரை பாடவேளை வெறுமையாகக் கிடக்கும். பிள்ளைக்கு இந்த வரலாறு தெரியாது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளி மட்டும் தெரியும். அந்தப் புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடுவது, பின்தங்கிய இடத்துப் பிள்ளைக்கு இடம் கொடுப்பதற்காக. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அதை விளக்கினால் புரியும். ஏனெனில் அது தேவைக்கேற்ற பங்கு. விளக்குவார் யாருமில்லாததால், கூடிய புள்ளி எடுத்தும் கிடைக்காத மற்றொரு மாவட்டத்துப் பிள்ளைக்கும், கிடைத்தது இரக்கத்தால் தரப்பட்டதாகப் பார்க்கப்படும் தோட்டப் பிள்ளைக்கும் அது அநியாயமாகவே தெரிகிறது.

தண்டனையைப் பொறுத்தவரை பிள்ளைகளின் நீதி பெரியவர்கள் நினைப்பதைவிடக் கடுமையானது. தவறு செய்தால் தண்டனை உண்டு என்பதை அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொள்ளாதது இரண்டு: ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் அடிப்பது, விசாரிக்காமல் அடிப்பது. கல்வி அமைச்சின் 2005/17 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. ஆசிரியர் அறைந்ததால் காது பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில் 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், அது கொடூரமான, இழிவான நடத்தைக்கு எதிராக அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை தரும் பாதுகாப்பை மீறுவதாகத் தீர்த்தது. சுற்றறிக்கை வந்து பல ஆண்டுகளான பின்னரும் பிரம்பு மேசையிலேயே இருந்தது. முழங்காலில் நிறுத்துவது தண்டனையாகவே கருதப்படவில்லை. 2018 ஜனவரியில் பதுளையில் ஒரு தமிழ்ப் பெண்கள் பாடசாலையின் அதிபரை மாகாண முதலமைச்சர் தம் முன் முழங்காலில் நிற்க வைத்தார் என்ற புகார் எழுந்து நாடே கொந்தளித்தது. முதலமைச்சர் மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு அனுமதி மறுத்ததற்கான பழிவாங்கல், இன அவமதிப்பு, பெண்ணுக்கு இழைத்த அவமதிப்பு என்று அதைப் பெரியவர்கள் பலவாறு பேசினார்கள். முழங்காலில் நிற்பது அவமானம் என்பதில் மட்டும் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. வகுப்பறைச் சுவரோரம் முழங்காலில் நின்று பழகிய பிள்ளைகளுக்கு அது புதிய செய்தியும் அன்று.

தன்னைப் பற்றிய எண்ணம் என்ற மூன்றாவது இழை பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியே அறுபடுகிறது. லயத்துக்குள் எல்லோரும் ஒரே அளவுக் காம்பராவில் இருப்பவர்கள். ஒப்பிட ஆள் இல்லை. பதுளை, பண்டாரவளை நகரப் பாடசாலைக்கு பஸ் ஏறும் பிள்ளை முதன்முதலாகத் தன் சப்பாத்தைக் கவனிக்கிறது, ‘தோட்டக்காட்டான்’ என்ற இழிசொல்லைக் கேட்கிறது. பத்து வயதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் திருப்தி குறைகிறது என்று உலக ஆய்வுகள் சொல்லும் வயது, இங்கே தோட்டப் பாடசாலையை விட்டு நகரப் பாடசாலைக்குப் போகும் வயதும்கூட. இன்னொன்று விலாசம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இலக்கமும் தெருப்பெயரும் இல்லாத தோட்டங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு வர வேண்டும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கழிந்து கிடைத்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. படிவத்தில் ‘நிரந்தர விலாசம்’ என்ற இடத்தை நிரப்பும்போது பிள்ளை தன் குடும்பம் குடியிருக்கும் வீடு தங்களுடையதன்று என்பதையும் சேர்த்தே கற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு அதே பிள்ளை சந்தோஷத்துக்குப் பத்தில் ஒன்பதைக் குறிக்கக்கூடும். பொய் சொல்கிறது என்று கொள்ளத் தேவையில்லை. அமர்த்தியா சென் 1980களிலிருந்து வலியுறுத்தி வந்த ஒரு கருத்து இங்கே பொருந்தும்: நெடுங்காலம் இல்லாமையில் வாழ்பவர் ஆசையைக் குறைத்துக்கொண்டு, கிடைத்த சிறியதில் மகிழப் பழகிவிடுவார்; அந்த மகிழ்ச்சியை அளந்து குறை இல்லை என்று முடிவுகட்டுவது தவறு. ஆனால் சென் சொன்னதை அப்படியே பிள்ளைகள் மேல் போர்த்திவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. தேர் நாளில் காவடிக்குப் பின்னால் ஓடுவதும், தேயிலைச் சரிவில் மட்டை வைத்துச் சறுக்குவதும், தெமோதரை வளைவில் ரயிலுக்குக் கை காட்டுவதும் ஏமாந்த மகிழ்ச்சிகள் அல்ல. குறைவு என்பதற்குப் பழகிய பிள்ளை அநியாயத்துக்குப் பழகுவதில்லை என்பதே இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைக்கும் உண்மை. வாழ்க்கைக்கு ஒன்பது போடும் பிள்ளை, ‘இங்கே எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்களா’ என்ற கேள்விக்கு மூன்று போடக்கூடும். முதல் எண்ணை மட்டும் கேட்ட ஆய்வு தோட்டத்தைப் பார்க்காமலே திரும்பிவிடும்.

எஞ்சியிருப்பது தன் காரியத்தில் தனக்கும் ஒரு பிடி என்ற இரண்டாவது இழை. பிள்ளைகளின் குரலைக் கேட்க இலங்கையில் அமைப்பு இல்லாமல் இல்லை. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் கீழ் கிராம மட்டத்தில் சிறுவர் கழகங்கள், அவற்றுக்கு மேல் பிரதேச, மாவட்ட, தேசிய சிறுவர் சபைகள் உண்டு. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கழகம் கூடும் இடத்தில் தோட்டப் பிள்ளைகள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரும்: பாதை, தண்ணீர், கழிப்பறை, விளையாட இடம். இந்த நான்கும் கிராமத்தில் பிரதேச சபையின் வேலை. தோட்டத்திலோ 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் 33ஆம் பிரிவால் அந்தக் கையைக் கட்டி வைத்திருந்தது. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட வழியில்லை. அந்தச் சபைக்கு வாக்களித்தவர்களில் தோட்ட மக்களும் இருந்தார்கள். பிள்ளை சபையிடம் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்றார்கள், தோட்டத்தைக் கேட்டால் நட்டம் என்றார்கள். சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்கும் சபைகள் சேவை செய்யலாம் என்றானது. அதற்குள், சட்டம் வந்த ஆண்டில் தரம் ஒன்றில் சேர்ந்த பிள்ளை முப்பத்தாறு வயதைத் தாண்டி, அதே பாதையில் தன் பிள்ளையைப் பாடசாலைக்கு நடத்திக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.